ஒன்றரை சென்ட்

அப்பா விட்டுப்போனது முக்கூடலில் நாலரை சென்ட்,
அதில் ஓடு மாற்றாத ஒரு வீடு,
கூட்டுறவு வங்கியில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்,
பீடிக் கம்பெனி கொடுத்த, ஓடாத சுவர்க்கடிகாரம்.
கடிகாரத்துக்குப் பட்டா தேவையில்லை.

வாரிசு எத்தனை பேர் என்றார் வி.ஏ.ஓ.
மூன்று என்றேன்.
நானும் செந்தூர்க்கனியும்
ஆதார் நகலோடு நின்றோம்.
மூணாவது ஆளு?

தொண்ணூற்றெட்டு, ஆனி மாதம்.
பம்பாய்க்குப் போறேன் என்று சொல்லிவிட்டு
பாபநாசம் போகும் பஸ்ஸில் ஏறினான்.
பார்த்தவர்கள் நாலு பேர்.
பம்பாய் அந்தப் பக்கம் இல்லையே என்று
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பேரு?
ஐகோர்ட்ராஜா.
பேனா நின்றது.
"ஐகோர்ட்டையே தொலைச்சிட்டு
தாலுகா ஆபீசுக்கு வந்திருக்கியளே, தாயி."
அவருக்கும் ஆறுமுகமங்கலம்தான் குலசாமியாம்.
சிரித்து முடித்ததும்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒன்று, வந்து கையெழுத்துப் போட வேண்டும்.
இல்லை, செத்திருக்க வேண்டும்.
நடுவில் ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.
ஏழு வருசம் சேதி இல்லையென்றால்
செத்ததாக வைத்துக்கொள்ளலாம்
என்றார் வக்கீல் மாசானமுத்து,
சோறு வைத்துக்கொள்ளலாம் என்பதுபோல.
ஆனால் போலீசில் புகார் இருந்திருந்தால் நல்லது.
புகார் இல்லை.
"பெத்த பிள்ளை மேலயா புகார் குடுக்கச் சொல்லுத?"
என்று அம்மாவைக் கேட்டாராம் அப்பா.
அதற்குப் பிறகு அம்மாவும் சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியில் கிடைத்தது பழைய ரேஷன் கார்டு.
என் பெயரையும் தங்கச்சி பெயரையும்
கல்யாணம் முடிந்த மறுவாரமே அடிக்கச் சொல்லியிருக்கிறார்.
அம்மா பெயரை, பதினாறு கழிந்ததும்.
எல்லாக் கணக்கும் பீடிக் கம்பெனிக் கணக்குப்போலச் சுத்தம்.
அவன் பெயர் மட்டும் அடிக்காமல் இருந்தது.
மாதம் அரைக் கிலோ சீனி அவனுக்கு,
பதினெட்டு வருசத்துக்குக் கட்டம் கட்டமாகக் கிறுக்கல்.

எழுத்தர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஆளு இல்லாமயா சீனி?"

சர்க்கரை நோயாளி வீட்டுப் பரணில்
அத்தனை டப்பா எதற்கென்று
நானும் ஒருநாளும் கேட்டதில்லை.
எறும்பு வருது, தூரப் போடுங்க என்று மட்டும்
ஒருமுறை கத்தியிருக்கிறேன்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம்,
நிலம் விற்பனைக்கும் மூலம் பவுத்திரத்துக்கும் நடுவே.
சேரன்மாதேவி முன்சீப் கோர்ட்டில்
டவாலி வராந்தாவுக்கு வந்து
தூணைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்:
ஐகோர்ட்ராஜா!
ஐகோர்ட்ராஜா!
மூன்றாவது தரம் கூப்பிடுவதற்குள்
வேப்பமரத்தடியில் இருந்து ஒருத்தர் எழுந்து வந்தார்.
நரைத்த மீசை, கையில் மஞ்சள் பை,
"நாந்தாம்யா."

செந்தூர்க்கனி என் முழங்கையைப் பிடித்தாள்.
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று
பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது,
நகர்ந்து நின்று மறுபடியும் பார்த்தேன்.

அவர் பாப்பாக்குடி ஐகோர்ட்ராஜா.
வாய்க்கால் வரப்பு வழக்கு. அவர் நம்பர் பதினாலு,
எங்களுடையது ஒன்பது.
"மன்னிச்சிக்கிடுங்க" என்றார்,
எதற்கென்று தெரியாமலேயே.

வாய்தா அடுத்த மாதம்.
முடிந்தால் அவன் பங்கு ஒன்றரை சென்ட்
உங்க ரெண்டு பேருக்கும் முக்கால் முக்கால்
என்று வக்கீல் கணக்குச் சொன்னார்.

பஸ்ஸில் தங்கச்சி கேட்டாள்:
"முக்கா சென்ட்டுல என்னத்தக்கா வைக்க?"
ஒரு சைக்கிள் விடலாம் என்றேன்.
அன்றைக்கு அவன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டுதான்
பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.
பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டான்.
பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி
அப்பா அதை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்.
பூட்டை உடைக்கவில்லை.
இன்னும் கொல்லையில் நிற்கிறது.