ஜன்னல் இருக்கக்கூடிய வீடு

விதைக்கடை மாடியில், வியாழன் இரவு எட்டு மணிக்கு வகுப்பு.
எல் எஹிதோவில் அந்நேரம்
பிளாஸ்டிக் கூடாரங்கள் மட்டும் வெளுத்துக் கிடக்கும்,
எது கடல் எது தக்காளித் தோட்டம் என்று
பிரிக்க முடியாதபடி.

செடிக்கறை நகக்கண்ணில் கறுத்திருக்க
பதினொரு பேர் நோட்டைத் திறக்கிறார்கள்.
பலகையில் எழுதுகிறேன்:
தியேனே. தெங்கா.
கடைசி உயிரைப் பாருங்கள்,
ஏ போய் ஆ வந்திருக்கிறது.
ஓர் உயிர் மாறினால்
உலகத்தில் இருப்பது
மனசில் மட்டும் இருப்பதாகிவிடும்.
(பதினாறு வருஷமாக இதே வாக்கியம்.
முதல் தடவை சொன்னபோது எனக்கே பிடித்திருந்தது.)

வியோரிகா கேட்கிறாள்: இது குடியுரிமைத் தேர்வில் வருமா?
வரும்.
ஃபத்தீஹாவுக்கு ‘ஓஹலா’ மட்டும் உடனே வந்துவிட்டது.
அது எங்கள் சொல், ப்ரோஃபே,
அதற்குப் பின்னால் எதுவும் நிச்சயமில்லை என்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

துமானி எழுதியிருந்தான்:
‘ஜன்னல் இருக்கிற வீடு ஒன்று தேடுகிறேன்.’
சிவப்பில் சுழித்தேன்.
தேடும்போது ‘இருக்கிற’ வராது, துமானி.
இன்னும் கண்ணில் படாத வீடு அது.
‘இருக்கக்கூடிய’ என்று எழுது. தெங்கா.

அவன் இருப்பது உரமூட்டைக் கொட்டகையில்,
கதவைத் திறந்தால்தான் வெளிச்சம்.
பேனாவை வைத்துவிட்டு
சைக்கிளில் வருகிற வழியைச் சொன்னான்:
மருந்துக்கடைக்கு மேலே இரண்டு ஜன்னல்,
வாடகைக்கு என்று அட்டை தொங்குகிறது.
பள்ளிக்கூடத்துக்கு எதிரே இன்னொன்று,
அதற்குப் பால்கனிகூட உண்டு.
இருக்கிறதே, ப்ரோஃபே. பார்த்தேனே.

இலக்கணம் ஊரைக் கேட்காது,
தேடுகிறவனைத்தான் கேட்கும் என்றேன்.
சொன்ன பிறகு வாய் கசந்தது.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் நின்று
அட்டையிலிருந்த எண்ணுக்கு அவன் பேசினான்.
போய்விட்டது என்றது குரல்.
ஐந்து நிமிடம் கழித்து நான் பேசினேன்.
இருக்கிறதே அம்மா, எப்போது வந்து பார்க்கிறீர்கள்?
நிகழ்காலம்.
துளி ஐயமில்லாத வினைமுற்று.
அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்,
ரொம்ப நேரம்.

அடுத்த வியாழன் வீட்டுப்பாடம்:
‘மருந்துக்கடைக்கு மேலே
ஜன்னல் இருக்கிற வீடு ஒன்றை எனக்குத் தெரியும்.’
தியேனே.
சரிதான். தெரிந்த வீட்டுக்கு அதுதான் வரும்,
சிவப்புக்கு அங்கே வேலையில்லை.
அதற்குக் கீழே இன்னொரு வரி:
‘அவர்கள் எனக்கு அதை . . . . . . போது’
வினையின் இடம் காலி.
என்ன போடுவது என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

விதி எனக்குத் தெரியும்.
இன்னும் நடக்காததற்கு உயிர் மாறும்,
விலக்கே கிடையாது.
பேனா மூடியைக் கழற்றினேன்.
கீழே ஒன்பதரை பஸ் ஹாரன் அடித்தது,
வியோரிகா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.