நாலு எட்டுக் குளிர்

ஆறு மணிக்கு மேல் ஓடினால்
தெரு முழுக்க என்னைத் தெரியும்.
அதனால் நாலே முக்கால்.

அண்ணனின் பழைய டீ-ஷர்ட்,
அதன் மேல் துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கி ஒரு முடிச்சு,
ஆடித் தள்ளுபடியில் எடுத்த ஷூ.
அரை சைஸ் பெரிது,
நுனியில் பஞ்சு வைத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் மார்கழி
வாசல் தெளிக்கிற சத்தத்தில் ஆரம்பிக்கும்.
ஈரக் கோலத்தை மிதிக்கக் கூடாது.
எங்கள் சந்தில் பதினோரு வாசல்.
வலது, இடது, ஒரு தாவல்,
எஸ்தர் அக்கா வீட்டு ஸ்டார் விளக்குக்குக் கீழே ஒரு குனிதல்.
பார்ப்பவர்களுக்கு
ஓடுகிறேனா பாண்டி ஆடுகிறேனா என்று
சந்தேகம் வரும்.

மெயின் ரோட்டுக்கு வந்தால் பனி.
பனி என்று சொல்லிக்கொள்கிறோம்.
மணலிப் பக்கத்துப் புகையும்
கடலிலிருந்து எழும்புகிற ஆவியும்
நடுவில் எங்கோ சந்தித்து
மஞ்சள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.
நாக்கில் லேசாகத் துரு ருசிக்கும்.
டிவியில் இருபத்தொரு டிகிரி என்றார்கள்,
அதற்கே ஊரெல்லாம் குல்லா.
டீக்கடை கன்னியப்பன் காதோடு மஃப்ளர் சுற்றியிருப்பதால்
சர்க்கரை கம்மி என்றால் கேட்பதில்லை,
மூன்று கரண்டி போடுகிறார்.

உண்மையான குளிர்
காசிமேட்டு ஐஸ் பேக்டரி வாசலில் இருக்கிறது.
பாதி திறந்த கதவு.
பாளம் உடைக்கிற மெஷின் கடகடக்க,
உள்ளேயிருந்து ஒரு மூச்சு வந்து
முழங்காலைப் பிடிக்கும்.
எண்ணிப் பார்த்துவிட்டேன்: நாலு எட்டு.
ஐந்தாவது எட்டில் மீன்வாடை, டீசல்,
மறுபடியும் மெட்ராஸ்.

அங்கிருந்து கண்டெய்னர் வரிசை.
துறைமுக கேட்டுக்காக
மூக்கும் வாலுமாக நிற்கும் லாரிகள்.
ஸ்டியரிங் மேல் காலைப் போட்டு உறங்கும் டிரைவர்கள்.
மறுபக்கம் அலைக்குக் கொட்டிய பாறைகள்.
நடுவில் நான்.

போன செவ்வாய்க்கிழமை
பின்னால் ஒருவர் ஓடி வந்தார்.

வேகம் கூட்டினேன். கூட்டினார்.
குறைத்தேன். குறைத்தார்.
வீட்டுச் சாவியை விரல் இடுக்கில் செருகினேன்,
முனை வெளியே இருக்க.
கத்தினால் எந்த லாரி விழிக்கும் என்று
நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே ஓடினேன்:
ஆந்திரா, நாமக்கல், நாகாலாந்து, ஆந்திரா.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே இடைவெளி வந்தால்
அவர் கால் நின்றது.
அடுத்த லாரியில் மறுபடி தொடங்கியது.
ஏழாவது இடைவெளியில்தான் புரிந்தது,
தகரத்தில் பட்டுத் திரும்புகிற
என் கால்.

நடுரோட்டில் நின்று சிரித்தேன்.
ஒரு கிளீனர் பையன் கண்ணாடியை இறக்கி
தெலுங்கில் என்னவோ கேட்டான்.
ஒன்றுமில்லை தம்பி, தூங்கு.

சாவியை மட்டும்
விரல் இடுக்கிலிருந்து எடுக்கவில்லை.

அதன் பிறகு அவளும் நானும் சேர்ந்துதான் ஓடுகிறோம்.
என்னைவிட அரை நொடி தாமதம்.
பஞ்சு வைத்த ஷூவின் தொளதொளப்பு
அவளிடம் நன்றாகவே கேட்கிறது.
மூச்சு மட்டும் அவளுக்கு வாங்குவதில்லை.

இன்று லாரி ஸ்டிரைக்.
வெள்ளைக் கோடு தெரிய
எர்ணாவூர் வரை ரோடு சும்மா கிடக்கிறது.
இத்தனை அகலமான ரோடா இது.
கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன்.
அலை. பாறை. அலை.
என் கால் சத்தத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.
எட்டு மணிக்கு எடைமேடையில் உட்கார வேண்டும்,
ஏறுவதற்கு ஒன்றுமில்லாத நாளிலும்
பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம்.

திரும்பும்போது ஐஸ் பேக்டரி வாசலில்
ஐந்தாவது எட்டு வைக்கவில்லை.
நின்றேன்.
ஊதினேன்.
வெள்ளையாக ஏதோ வந்தது,
என் முகத்துக்கு நேரே, ஒரு கை அகலம்.

"இன்னாமா, ஐஸ் வோணுமா?"
என்றார் சாக்கைத் தோளில் போட்ட ஆள்.

எவ்வளவு என்று கேட்டேன்,
எதற்கென்று தெரியாமல்.