ஒள்ளுப்பம்

கல்லடியில் மாடி வீடு. பதினோராவது படி.
தோளில் ஒரு பெட்டி டைல்ஸ்.
டைல்ஸ் ஒன்றும் உடையவில்லை,
முழங்காற் சிரட்டைதான்.

கீழ்ப்பாதி மாவாகிவிட்டதாம்.
பொறுக்கி எடுத்து, மிச்ச எலும்பில் மூன்று துளை,
துளைக்குள்ளால் தடித்த நூல்,
நூலின் மறுமுனையில் அறுந்து நின்ற தசைநாண்.
“இழுத்துக் கட்டியிருக்கிறன்,” என்றார் டொக்டர்.
“ஒட்டுறது உங்கட வேலை.”

என் வேலையே அதுதானே.
இருபத்திரண்டு வருஷம் ஊரார் தரையில்
முழந்தாளிட்டுப் பிழைத்தவன்.
வழுவழுத்த பழந்தரையில் புதுச்சாந்து பிடிக்காது,
கொத்திப் புண்ணாக்க வேண்டும் முதலில்.
அவரும் எலும்பைச் சுரண்டி
இரத்தம் கசிய விட்டாராம்.
அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுகா ஆறு கிழமை.
நீட்டிய காலோடு கதிரையில் தொழுகை.
தொடை உருகி, சாறன் தொளதொளத்தது.
பதித்த அறையின் வாசலில்
‘மிதிக்காதீர்’ என்று சோக்கால் எழுதுகிறவன்
தன் காலுக்கும் அப்படியே எழுதிக்கொண்டு கிடந்தேன்.

“இது சீமெந்து இல்ல நானா,” என்றா ஜெயமதி மிஸ்.
எக்ஸ்ரே உறையின் முதுகில் பேனையால் கீறினா:
முதலில் வெறும் இரத்தக் கட்டி.
பிறகு வடு. அதில் நார்கள்
உதறிப்போட்ட தும்புபோல நாலாபக்கமும்.
இழுவை வந்தால்தான்
அந்தத் திசைக்கு அவை ஒழுங்காகும்.
ஒழுங்கான நார் எலும்புக்குள் இறங்கும்,
எலும்பு அதைச் சுற்றி வளரும்.
இடையில் ஒரு மெல்லிய பட்டை,
நாண் என்றும் சொல்லேலாது
எலும்பு என்றும் சொல்லேலாது.

“பழையபடி வருமா?”
“பழையபடி வராது. பிடிக்கும்.”

கூடினால் நூல் அறும்,
இழுக்காமலே விட்டால் வடு வடுவாகவே கிடக்கும்.
எவ்வளவு என்று சொல்லுங்க மிஸ்,
நான் மில்லிமீட்டர்க்காரன்.
“ஒள்ளுப்பம்,” என்றா.

அரை மில்லி இடைவெளிக்குப்
பிளாஸ்டிக் குறுக்கு வைத்துப் பழகிய கைக்கு
ஒள்ளுப்பம்.

நுபைல் போன் எடுத்தான்.
காத்தான்குடியில் ஹோல் ஒன்று,
ஆயிரத்து இருநூறு சதுர அடி,
வெள்ளை, கோடு தெரியாமல் பதிக்கணுமாம்.
“எப்ப காக்கா வருவீங்க?”

போனைக் காதில் வைத்தபடியே
குதிக்காலைப் படுக்கை விரிப்பில் இழுத்தேன்.
நேற்று முப்பது பாகை.
உள்ளே, இருட்டில்,
ஏதோ ஒன்று இறுக்கிப் பிடித்து
விடமாட்டேன் என்றது.

“இரு,” என்றேன்.
அவனுக்கென்று நினைத்துக்கொண்டான்.