கைக்கூலி

ஹார்லெம் ஊருக்கு வெளியே, மணல்மேட்டு வெளுப்புத்துறையில்
லினன் வெளுக்கிறவள் நான். பெயர் மாக்டெல்ட்.
சாம்பல் காரத்தில் ஒரு வாரம், புளித்த மோரில் ஒரு வாரம்,
பிறகு புல்லில் விரித்துவிட்டு வெயிலுக்குக் காத்திருப்போம்.
இந்த ஊர் வெயில் கடன் வாங்கியவனைப் போல,
வருகிறேன் என்று மட்டும் சொல்லும்.

பனி இறங்கினால் துறை மூடிவிடும்.
அப்படி மூடிய ஒரு நாளில்தான் ஓவியர் கூப்பிட்டனுப்பினார்.
அம்மைத் தழும்பு முகத்தை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
"அசையாமல் இருப்பாயா?" என்றார்.
ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி
அரைநாள் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

சீமாட்டிகளுக்கு முகம் காட்டத்தான் பொழுதிருக்கிறது.
இரண்டு முறை வந்து உட்காருவார்கள்,
மூன்றாம் முறைக்குத் தலைவலி.
பட்டையும் சரிகைக் கழுத்துப்பட்டியையும் மரப்பொம்மை உடுத்திக்கொள்ளும்.
கை என்னுடையது.
ஒரு கைக்கு நான்கு ஸ்டைவர்.
கையுறை பிடித்த கையென்றால் மூன்றுதான்,
விரல் பாதி மறைகிறதாம்.

காரம் தின்ற வெடிப்புகளை
ஈய வெள்ளையில் துளி சிவப்புக் குழைத்து
ஒரே இழுப்பில் ஆற்றிவிடுவார்.
முதல் தடவை பார்த்தபோது
என் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

இப்போது இந்த ஊர்க் கூடங்களில்
ஆறு பேராகத் தொங்குகிறேன்.
ஓரிடத்தில் வேதப்புத்தகத்தின் மேல்,
ஓரிடத்தில் விசிறியோடு,
இன்னோரிடத்தில் நாய்க்குட்டியின் கழுத்தைத் தடவியபடி.
அந்த நாய் மட்டும் அந்த வீட்டு நாய். கடித்துவிட்டது.
கடிக்குத் தனிக்கூலி கிடையாது.

அலைடா அம்மையார் இறந்தது நவம்பரில்.
முகம் முடிந்திருந்தது.
மணிக்கட்டுக்குக் கீழே வெறும் பழுப்புப் பூச்சு.
கணவர் ஒரு தகர டப்பியில் மோதிரத்தை அனுப்பிவைத்தார்.
ஓவியர் அதை எடுத்து என் விரலில் மாட்டி,
கணப்படுப்பின் பக்கம் உட்காரவைத்தார்.

மூன்று நாள்
இறந்தவளின் கையாக இருந்தேன்.
மூன்றாம் நாள் மாலை, குளிர்வீக்கம் ஏறிய விரலிலிருந்து
மோதிரம் வர மறுத்தது.
சவுக்காரம் போட்டோம். வாத்துக்கொழுப்புத் தேய்த்தோம்.
நூலைச் சுற்றி இழுக்கும்போது
படியில் காலடிச் சத்தம்.
சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார் மனிதர்.

தடுப்புத் திரைக்குப் பின்னால் என்னைத் தள்ளினார் ஓவியர்.

வெகுநேரம் பேச்சில்லை.
ஈரமான கம்பளிக்கோட்டின் வாடை மட்டும் வந்தது.
பிறகு அவர் சொன்னார்:
"ஆமாம். இப்படித்தான்.
கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டாள்.
சுண்டுவிரலை மட்டும் இப்படி மடக்குவாள்.
நான் சொல்லவே இல்லையே, உமக்கு எப்படித் தெரிந்தது?"

ஒன்பது வயதில் துணி முறுக்கும் கட்டையில்
சிக்கி நசுங்கிய விரல் அது.
அன்று மடங்கியது, இன்னும் நிமிரவில்லை.

ஓவியர் இருமினார்.
அந்த மனிதர் அழுதார்,
துணி கிழிவதுபோல, முதலில் மெல்ல, பிறகு நிற்காமல்.
திரைக்குப் பின்னால் மோதிர விரல் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.
நான் மூச்சையும் அடக்கி நின்றேன்.
அசையாமல் இருப்பதற்குத்தானே கூலி.

அவர் போன பிறகு, தோல் உரிந்து மோதிரம் வந்தது.
கணக்குப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே
வழக்கம்போல் ஒரு சிலுவை கீறினேன்.
ஐந்து ஸ்டைவர் வைத்தார். ஒன்று அதிகம்.
எதற்கென்று அவர் சொல்லவில்லை.
திருப்பித் தர எனக்கும் மனமில்லை.

மார்ச்சில் துறை திறந்தது.
மோர்த்தொட்டிக்குள் கையை விட்டேன்.
வெள்ளைக்குள் ஐந்து விரல்களும் மறைந்து,
எடுத்தபோது
சுண்டுவிரல் மடங்கித்தான் இருந்தது.
யார் மேல் கோபமென்று
அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.