துலுக்கன்மடை: ஒரு பக்கத்துக்கு மிகாமல்

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார் செயல் அலுவலர்.
ஊரின் அமைவிடம், வரலாறு,
ஒரு பக்கத்துக்கு மிகாமல், மூன்று நகல்.
பேரை மாற்றச் சொல்லி மனு வந்திருக்கிறது.

அமைவிடம் எளிது.
மேற்கே மலை.
மழையை அந்தப் பக்கத்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக்
காற்றை மட்டும் நமக்கு அனுப்புகிற மலை.
ஆனியில் அது
காயப்போட்ட வேட்டியைத் தேரிவரை கொண்டுபோகும்.
செம்மணலில் புரண்ட வேட்டி அப்புறம் வெளுக்காது.
இப்போது அதே காற்றுக்குக் காற்றாலை நட்டிருக்கிறார்கள்;
ஒன்றின் நிழல் இந்தத் தாளை
நாலு நொடிக்கொருதரம் வெட்டிவிட்டுப் போகிறது.

குளவரிசையில் நம்முடையது ஐந்தாவது.
மேலக்குளம் மறுகால் பாய்ந்தால் நமக்குத் தண்ணீர்,
நாம் பாய்ந்தால் கீழூரில் நாற்று.
பேச்சுவார்த்தை நின்றுபோன வருஷங்களிலும்
தண்ணீர் போகத்தான் செய்தது.

வரலாறுதான் சிக்கல்.
துருக்கியிலிருந்து ஒருத்தரும் வந்ததாகச் சான்றில்லை.
கடல் தாண்டி வந்தவனையெல்லாம் துருக்கன் என்றார்கள்,
வாய் தேய்த்துத் துலுக்கன் ஆக்கியது.
மடைக்கல்லில் நாலு வரி வட்டெழுத்து.
மூன்றைத் துணி துவைத்தே அழித்துவிட்டோம்.
மிச்சத்தில் 'குதிரை' தெரிகிறது என்றார்
தை மாதம் வந்த கல்வெட்டுக்காரர்.
காப்பி குடித்தபின்
'குதிர்' ஆகவும் இருக்கலாம் என்றார்.

மடை திறக்கிற முப்பிடாதிக்குச் சந்தேகமே இல்லை.
"பாண்டியனுக்குக் குதிரை ஓட்டியாந்தவன்வே.
நம்மாளுவ நெய்ச்சோறு போட்டே கொன்னுட்டானுவ.
மறு வருசமும் கொண்டாந்தான். மறுக்கா நெய்ச்சோறு.
மூணாவது தடவை அவன் கப்பலேறல.
எந்தப் புல்லுன்னு காட்டிக் குடுக்க இருந்துட்டான்.
புல்லுக்குத் தண்ணி வேணும்லா?"

ஆதாரம் கேட்டேன்.
"படிய வந்து பாரும். மனுசன் குளிக்கவா
அம்புட்டு அகலத்துக்கு வெட்டுவான்?"

மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
இந்தப் பேர் எங்களைக் கேலி பண்ணுகிறது, மாற்று
என்று செய்யது மசூது.
இந்தப் பேர் எங்களுடையதே இல்லை, மாற்று
என்று ஆறுமுகநயினார்.
அடுத்தடுத்த வரி, ஒரே பேனா.
இரண்டு தெருவும் சேர்ந்து உட்கார்ந்தது
இருபது வருஷத்தில் இதற்குத்தான்.
கோருகிற புதிய பெயர் என்ற கட்டத்தில்
அடித்தல் மேல் அடித்தல்; கடைசியில்
ஒரு தேநீர்க் கறை.

வியாழன் மாலை நாடாவோடு மடைக்குப் போனேன்.
முதல் படி நாலே முக்கால் அடி.
இரண்டாவதும் அதே.
மூன்றாவதுக்குக் குனிந்தபோது
மேலக்குளம் நிறைந்துவிட்டது போலிருக்கிறது,
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
மிச்சத்தைக் காலால் அளந்தேன்.
பாசி. வழுக்கியது.
அகலமாகத்தான் இருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
படிகள், அகலமானவை.
எண்ணிக்கை, நீர் வற்றியபின் தெரிவிக்கப்படும்.