ஒரு சாண் தொலைவு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
இரண்டாம் மாடிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள்.
காலணிச் சத்தம் மட்டும்.
கூட்டத்தைக் காதால் எண்ணிப் பழகிய காவலன் நான்;
திரும்பியபோது அறை நிறைந்திருந்தது.

ஷஹிரா வளையலைக் கழற்றிப் பையில் போட்டாள்.
கறுப்புச் சட்டை, கைகள் துலங்கவேண்டும் என்பதற்காக.
ஓவியரின் பெயரை விரல்களில் எழுத்தெழுத்தாய் உதிர்த்தாள்.
நீளம்.
சலித்துப்போன ஒரு சிறுவன்
சுவரிலிருந்த புகைப்படத்தைப் போலவே
ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் கட்டைவிரலை நீட்டினான்.
எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.
இறந்து நாற்பது ஆண்டு கழித்து
இயோ தியாம் பாக்குக்கு இன்னொரு பெயர்.

‘கிராஞ்சி, நீர் வற்றும் வேளை.’ எண்ணெய் வண்ணம்.
மார்சிலிங்கில் குடியிருக்கிறேன், கிராஞ்சி அடுத்த நிலையம்,
ஒருநாளும் இறங்கியதில்லை.
ஆறு வருடமாக எனக்கு அது ஒரு பழுப்பு.

அவள் இடக்கையைச் சேறாகக் கிடத்தினாள்.
வலக்கை தண்ணீர்,
விரலிடுக்கில் வழிந்து பின்வாங்கிப் போயிற்று.
பிறகு விரல்களை நட்டு நிறுத்தினாள்: கண்டல் வேர்கள்.
அவற்றுக்கிடையில் ஒன்று மட்டும் துள்ளியது.
எங்கே என்று தேடினேன்.
கீழ் மூலையில், சட்டத்தின் நிழலில்,
கடுகளவு வெள்ளை. சேற்றுமீன்.
நான் தூசி என்று நினைத்திருந்தது.

காது கேட்கிற மூவருக்காக
டெஸ்மண்ட் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.
அவர்களுடைய சிரிப்பு ஒரு மூச்சு பிந்தியே வந்தது.
அவள் தோளிலிருந்து எதையோ இழுத்து
ஓவியம் முழுக்கப் போர்த்தியபோது
“மேகம்” என்றான்.
பிறகு, “மன்னிக்கவும், மேகம் இல்லை.”
அதோடு விட்டுவிட்டான்.

அவள் கை ஓவியத்தை நெருங்கியது.
பழக்கத்தில் எழுந்துவிட்டேன், உள்ளங்கை விரித்து.
எனக்குத் தெரிந்த ஒரே சைகை: தொடாதீர்கள்.
பள்ளிப் பிள்ளைக்கும் தூதரக விருந்தாளிக்கும் அதுதான்.
அவளோ ஒரு சாண் தள்ளியே நிறுத்தியிருந்தாள்.

பதினான்கு பேரும் என் கையைப் பார்த்தார்கள்,
அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பதுபோல.

அடுத்த சொல் என்னிடம் இல்லை.
விரித்த கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?
கீழ் மூலையைக் காட்டினேன்.
சிறுவன் குனிந்தான்.
அவன் விரல் துள்ளியது.
கொஞ்சம் பொறுத்து, என்னுடையதும்.

அவர்கள் மின்தூக்கிக்குப் போன பின்
வாக்கி டாக்கி இரைந்தது: “ரெண்டாம் மாடி, எல்லாம் சரியா?”
கட்டைவிரலை உயர்த்தினேன்.

மறுபடியும் கேட்டது:
“ரெண்டாம் மாடி?”