அரைப் பேர்

மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றே
மூன்று தவணை தள்ளிப்போன வழக்கு.
நாலாவதுக்கு என்னைக் கண்டியிலிருந்து கூப்பிட்டார்கள்.
அட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போதே தூறல்.
தொழில் நியாய மன்றின் வாசலில்
குடை மடக்கிய பெண்கள் வழி விட்டார்கள்,
தீர்ப்பே நடந்து வருகிறது என்பதுபோல.

நான் மன்னார்க்காரன்.
இரண்டு மொழியும் எழுதிப் பாஸானவன்.
சான்றிதழில் முத்திரை இருக்கிறது.

பூங்காவனம் கூண்டில் ஏறினார்,
செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு.
ஏன் வேலையை விட்டுப் போனீர்கள் என்று
கம்பனி வக்கீல் சிங்களத்தில் கேட்டார்.
நான் தமிழில் கேட்டேன்.

"மழ. கொழுந்து பதினாலு கிலோதான் வந்துச்சு.
கணக்கப்புள்ள அரப்பேரு போட்டாரு.
மறுநாளும் அரப்பேரு.
பதினோரு நாளும் அரப்பேருங்க.
கேட்டதுக்கு, இனிமே மலைக்கு வராதேன்னுட்டாரு.
நானா விட்டேன்?"

நான் சொன்னேன்:
நமென் பாகயயி லிவ்வே.
பெயரில் பாதியைத்தான் எழுதினார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
பெயர்ப் பிழையா? அடையாள அட்டை எங்கே?
அட்டை மேசைக்குப் போனது.
அதில் உண்மையிலேயே பாதிதான் இருந்தது:
பூங்கா.
மிச்சத்தை எந்தக் கந்தோரில் எந்த லிகிதர்
தேத்தண்ணிக்கு எழும்பும் அவசரத்தில் விட்டாரோ.
எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.
அரைப் பக்கம் தட்டச்சாகியும் விட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, சந்தையில் லீக்ஸுக்குப் பேரம் பேசும் சிங்களத்தில்
நேரே மேலே பார்த்துச் சொன்னார்:
நம நெமெய், மாத்தயா. படி.
தவஸ் பாகயக படி.

பெயர் இல்லை, ஐயா. சம்பளம்.
அரைநாள் சம்பளம்.

சாட்சி மொழிபெயர்ப்பாளர் மூலமே பேச வேண்டும்
என்றார் எழுத்தர்.
ஆகவே எனக்குத் தமிழில் சொன்னார்,
நிறுத்தி நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல:
பேருன்னா ஒரு நாள்.
பதினெட்டுக் கிலோ எடுத்தா முழுப்பேரு.
கொறஞ்சா அரை.
மலைக்குப் போகாத நாளுக்குப் பேரே கெடையாது.
அதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.
தட்டச்சுக்காரி தாளை உருவிக் கசக்கி
வேறு தாள் போட்டாள்.

பதினொரு மணிக்கே மன்று கலைந்தது.
என் பயணப் படிவத்தில் அரைநாள் என்று குறித்துத் தந்தார்கள்.
காலையில் அதற்கு என்னிடம் ஒரு சொல் குறைவாக இருந்தது.

அடுத்த தவணை பெப்ரவரி பதினேழு.
துண்டு சிங்களத்தில் இருந்தது, வாசித்துக் காட்டினேன்.
இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.
ஒப்பமிடச் சொன்ன கட்டத்தில்
பேனையை அழுத்தி, எழுத்து எழுத்தாக,
முழுவதையும் எழுதினார்.
"வனம்" கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.
அதன் மேலேயே முத்திரையைக் குத்தினார் எழுத்தர்.